மாரத்தானுக்கு முந்தைய வாரங்களில் ஏன் ஓட்டத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்?

மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். அதற்கு முந்தைய இரண்டு, மூன்று வாரங்களில் ஓடும் தூரத்தைப் படிப்படியாகக் குறைப்பதைத்தான் டேப்பரிங் என்கிறார்கள். வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை, தூரத்தைக் குறைத்தால் போதும்.

நீண்ட ஓட்டம் தசை நார்களில் நுண்ணிய கிழிசல்களை உண்டாக்குகிறது. அங்கே சேமித்திருக்கும் சர்க்கரைச்சத்தையும் கரைக்கிறது. உடல் பலம் பெறுவது அப்புறம் வரும் ஓய்வில்தான். சிமெண்ட் தளம் போட்டதும் மிதிக்காமல் இறுக விடுகிறோமே, அதே கதைதான். கடைசி வாரத்தில் ஓடும் 30 கிலோமீட்டரின் பலன் போட்டி நாளுக்குள் வந்து சேராது. களைப்பு மட்டும் சேரும்.

நன்கொடை திரட்டி ஓடுபவர்களுக்கு இது இன்னும் கடினம். நம்பிப் பணம் கொடுத்தவர்களின் முகம் நினைவுக்கு வரும், விட்டுப்போன ஓட்டங்களையெல்லாம் ஈடுகட்டத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். ஓட்டத்தைக் குறைத்திருக்கும் இந்த நாட்களில் படி ஏறும்போது கால் கனக்கும், முழங்கால் லேசாகச் சுருக்கென்று இழுக்கும். பலருக்கும் இப்படி நடக்கிறது. வலி நீடித்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

ஓட்டத்தைக் குறைத்தால் இத்தனை மாத உழைப்பும் வீணாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டத்தை அடியோடு நிறுத்தாதவரை, இரண்டு மூன்று வாரங்களில் அந்தத் திறன் கரைந்துவிடாது.