ஈரத்தில் வழுக்காத மாபிள் எது?

நுகர்வோர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பல, முதியோர் விழுவதைப் பற்றியவை. ஒன்றாகவே தருகிறேன்.

கேள்வி: எங்கள் முதியோர் இல்லம் சிறியது. வெளிநாட்டில் இருந்து ஒருவர் அனுப்பிய காசில் குளியலறைக்குப் புது மாபிள் பதித்தோம். ஈரத்திலும் வழுக்காது என்று சொல்லித்தான் கடைக்காரர் தந்தார். இரண்டு பேர் விழுந்துவிட்டார்கள். ஒரு அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. கேட்டால், விற்றது விற்றதுதான் என்கிறார். (சுன்னாகம்)

பதில்: அந்த அம்மா கெதியாக எழும்பி நடக்கவேண்டும். உங்களில் பிழை இல்லை, கேட்டுத்தான் வாங்கியிருக்கிறீர்கள். பற்றுச்சீட்டு, மிஞ்சிய மாபிள், அது வந்த பெட்டி எதையும் எறியவேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி 3 மாதத்துக்குள் முறைப்பாடு போகவேண்டும். விவரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

இந்த மாபிள் வியாபாரத்தில் எனக்கு நெடுநாள் கோபம். கடைக்குள் கால் வைத்ததும் முகம் தெரிகிற பளபளப்பைத்தான் காட்டுகிறார்கள். காய்ந்த தரையில் நடந்து காட்டி, 'பாருங்கோ, வழுக்குதோ?' என்கிறார்கள். காய்ந்த தரையில் எது வழுக்கும்? சவர்க்காரத் தண்ணீர் பட்ட பிறகல்லவா தெரியும்! பல பெட்டிகளில் ஆர் 9 முதல் ஆர் 13 வரை ஒரு குறி இருக்கும். ஆர் 9 என்றால் பிடிப்பு ஆகக் குறைவு. அதுகூடச் சப்பாத்துக் காலோடு பார்த்த கணக்கு. வெறுங்காலோடு ஈரத்தில் நிற்கிற இடத்துக்கு ஏ, பி, சி என்று வேறு தரம் உண்டு, ஏ-யில் பிடிப்பு ஆகக் குறைவு, சி-யில் ஆகக் கூட. குளிக்கிற இடத்துக்குக் குறைந்தது பி கேளுங்கள். குறியே இல்லையா? ஒரு மாபிளை நிலத்தில் வைத்து, சவர்க்காரத் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையை அழுத்தி இழுத்துப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்கவேண்டாம். 'ஈரத்தில் வழுக்காது' என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். வயதானவர்களை வைத்துப் பராமரிக்கும் இடத்துக்கு இந்தப் பளபளப்பை விற்பது அநியாயம்.

இப்போதைக்கு, சொரசொரப்பான ஒட்டுப்பட்டியைக் குளிக்கும் இடத்திலும் வாசலிலும் ஒட்டுங்கள். ஒருவர் குளித்து வந்தவுடன் தரையைத் துடைத்துவிட்டு மற்றவரை விடுங்கள்.

கேள்வி: கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி பூட்டினால் இரவில் விழமாட்டார்கள்தானே? (மானிப்பாய்)

பதில்: விழுவார்கள், இன்னும் உயரத்திலிருந்து. மறதி உள்ளவர் கம்பிக்கு மேலால் ஏறி இறங்கப் பார்ப்பார். ஓரத்தில் இருந்தால் இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் படுகிற உயரத்தில் கட்டில் இருக்கட்டும். மிச்சக் காசில் கட்டிலடியிலிருந்து மலசலகூடம் வரை இரவு விளக்குப் போடுங்கள்.

கேள்வி: பிளாஸ்ரிக் கதிரையில் இருத்திக் குளிக்க வார்க்கலாமா? (கொக்குவில்)

பதில்: வேண்டாம். ஈரத் தரையில் கால் விரிந்து சரியும். ரப்பர்க் கால் வைத்த குளியல் கதிரை வாங்குங்கள்.

கேள்வி: சுவரில் துளை போடாமல் ஒட்டிப் பிடிக்கும் கைபிடி நல்லதா? (நல்லூர்)

பதில்: என் அம்மாவுக்கு ஒன்று வாங்கினேன். பிடித்து எழும்பும்போதே கையோடு கழன்று வந்தது. பக்கத்தில் நான் நின்றபடியால் தப்பினார். உடல் பாரத்தைத் தாங்கும் கைபிடி என்று அதை விற்கவே கூடாது. உலோகக் கைபிடியை மேசனைக் கொண்டு சுவரில் ஆழமாகத் திருகாணி போட்டுப் பூட்டுங்கள்.

கேள்வி: இணையத்தில் மலிவாகக் கிடைத்ததென்று ஒரே அளவில் ஆறு ஊன்றுகோல் எடுத்தோம். யாருக்கும் பொருந்தவில்லை. காசு திரும்ப வருமா? (உடுவில்)

பதில்: அளந்தீர்களா? இல்லை. உயரம் மாற்ற முடியுமா என்று பார்த்தீர்களா? அதுவும் இல்லை. பொருளில் பழுது இல்லாதபோது நான் யாரைக் கேட்பது? செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்புக்கு வரவேண்டும். கோல்கள் மரம் என்றால் நீளமானதை அளந்து வெட்டலாம். அடி ரப்பர் தேய்ந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: எங்கள் ஐயா ஒருவருக்கு எழும்பியவுடன் தலை சுற்றுகிறது. என்ன சத்துமா வாங்கலாம்? (சாவகச்சேரி)

பதில்: ஒன்றும் வாங்கவேண்டாம். அவர் குடிக்கும் மருந்துகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நித்திரைக் குளிசையும் பிறசர்க் குளிசையும் தலைசுற்ற வைக்கலாம். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம். அதுவரை, கட்டில் ஓரத்தில் கொஞ்சநேரம் இருந்துவிட்டு எழும்பட்டும், பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள்.