கேலனுக்கு 18.4 சென்ட் போதுமா?

கேள்வி: நியூஜெர்சியில் மகள் வீட்டில் நாலு மாதம் இருந்துவிட்டு வந்தேன். அமெரிக்காவில் பெட்ரோல் வரியை இன்னும் ஏற்ற வேண்டும் என்று மாப்பிள்ளை அடித்துப் பேசுகிறார். இந்த விலைவாசியில் இது நியாயமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நியாயம்தான் அம்மா, நான் உங்கள் மாப்பிள்ளை பக்கம்.

அங்கே ரோட்டுச் செலவுக்காக மத்திய அரசு பெட்ரோலில் வாங்கும் வரி கேலனுக்கு 18.4 சென்ட். ஒரு கேலன் கிட்டத்தட்ட 3.8 லிட்டர், ஆக லிட்டருக்கு 5 சென்ட்கூட வரவில்லை. இது 1993-இல், கிளின்டன் காலத்தில் வைத்தது. விலையில் இத்தனை சதவீதம் என்று இருந்தால் விலையோடு சேர்ந்து வரியும் ஏறியிருக்கும், இதுவோ கேலனுக்கு இத்தனை சென்ட் என்ற கணக்கு, அதனால் தாரும் சிமெண்டும் ஆள் கூலியும் எங்கேயோ போன பிறகும் வரி இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்றைய 18.4 சென்ட்டுக்கு ஈடாக இன்றைக்கு 40 சென்ட்டாவது வேண்டும். அதோடு இப்போதைய கார்கள் குடிப்பதும் குறைவு, மின்சாரக் கார் சொட்டுகூடக் குடிக்காது. ஆனால் ரோடு தேய்வது தேய்கிறதுதானே?

1956-இல் நெடுஞ்சாலை நிதியைத் தொடங்கியபோது வண்டி ஓட்டுகிறவர்தான் ரோட்டுக்குக் கட்ட வேண்டும் என்பதுதான் பேச்சு. 2008 முதல் அந்த நிதி பற்றவில்லை. பொதுக் கஜானாவிலிருந்து இதுவரை 25,000 கோடி டாலருக்கு மேல் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதாவது கார் வாங்க வசதியில்லாமல் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவர் கட்டும் வரியும் அதில் போகிறது. எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

உங்கள் மகள் இருக்கும் மாநிலத்தையே பாருங்கள். நியூஜெர்சி தன் பங்கு வரியை 1988-க்குப் பிறகு தொடவே இல்லை, 14.5 சென்ட்டிலேயே ஓட்டினார்கள். 2016-இல் சாலை நிதி வற்றி, ஜூலையில் கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி ரோடு வேலைகளை நிறுத்த உத்தரவிட்டார். நவம்பரில் ஒரேயடியாக 23 சென்ட் ஏற்றம். கூடவே விற்பனை வரியை 7 சதவீதத்திலிருந்து 6.625-க்குக் குறைத்தார்கள், குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான வரிச் சலுகையையும் கூட்டினார்கள். அப்புறம், வருஷா வருஷம் வசூலைப் பார்த்து வரியை மாற்றி அமைக்கிறார்கள்: 2020-இல் 9.3 சென்ட் ஏறியது, 2021-இல் 8.3 சென்ட் இறங்கியது. வரி இறங்கவும் செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

சரி, வீட்டுச் செலவுக்கு வருவோம். வருடத்துக்கு 12,000 மைல் ஓடும் கார், கேலனுக்கு 25 மைல் கொடுத்தால் 480 கேலன் ஆகும். 20 சென்ட் ஏற்றினால் 96 டாலர், மாதத்துக்கு 8 டாலர். நான் ஒரு மார்ச் மாதம் அங்கே போயிருந்தபோது, விரிசலில் இறங்கிய தண்ணீர் உறைந்து உறைந்து ரோடே பெயர்ந்து கிடந்தது. உறவினர் கார் ஒரு பள்ளத்தில் இறங்கியதும் டக்கென்று ஒரு சத்தம், டயர் கிழிந்து ரிம் வளைந்துவிட்டது. அன்று அவர் கொடுத்தது இந்த 96 டாலரைவிட அதிகம்.

பஸ்ஸே வராத ஊர்களில் பழைய லாரி மாதிரி வண்டியை வைத்துக்கொண்டு வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு அந்த 8 டாலரும் சுமைதான், அவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். நியூஜெர்சி மாதிரி 28 வருடம் தூங்கிவிட்டு ஒரே நாளில் 23 சென்ட்டைத் தலையில் இறக்குவதையும் நான் ஆதரிக்கவில்லை. வருடத்துக்கு 4, 5 சென்ட்டாக ஏற்றி, அதன் பிறகு விலைவாசியோடு கட்டிவிட்டால் போதும்.