முதலில் ஒரு கயிறு எடுத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: கூடலூர் பக்கம் எனக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார்ச் சாலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. நான்கு கதவும் பின்னால் சுமைத் தொட்டியும் உள்ள பழைய இசுஸு வி-கிராஸ் பிக்கப் ஒன்று விலைக்கு வருகிறது. ‘அவ்வளவு நீள வண்டி மலைக்கு ஆகாது, மஹிந்திரா தார் ஜீப் வாங்குங்கள்’ என்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம்?

பதில்: மைத்துனர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. வி-கிராஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3,095 மில்லிமீட்டர்; மூன்று கதவு தாருக்கு 2,450. வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் தார் தாண்டிவிடும் மேட்டில் பிக்கப்பின் வயிறு உட்கார்ந்துவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் வண்டி ஓட்டிய காலத்தில் எனக்கே இது நேர்ந்தது. மழைத் தண்ணீரைத் திருப்பிவிடப் பாதையின் குறுக்கே மண் மேடு போடுவார்கள் அல்லவா, அதில்தான். முன்சக்கரம் இறங்கிவிட்டது, பின்சக்கரம் ஏறவில்லை. வயிறு மண்ணில் புதைந்துவிட்டது. கொட்டும் மழையில் மூன்று பேர் மண்வெட்டியால் அடியில் தோண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. பக்கவாட்டுப் படி நசுங்கியிருந்தது. நீங்கள் வாங்கினால் அந்தப் படியை முதலில் கழற்றிவிடுங்கள்; கல்லில் முதலில் இடிப்பது அதுதான்.

வாங்குவதற்கு முன் மூன்று மீட்டர் கயிற்றோடு பாதையை நடந்து பாருங்கள். ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் போகும் தடத்தில், மேட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் கயிற்றின் நுனியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இழுத்துப் பிடிக்க வேண்டும். மேட்டின் உச்சி கயிற்றைத் தொட்டால் வயிறு தட்டும். சுமை ஏற்றினால் வண்டி இன்னும் தாழும் என்பதால் கயிற்றை அந்த ஒரு சாணிலிருந்து நான்கு விரல் தாழ்த்தியே பிடியுங்கள். இரண்டு தடங்களுக்கு நடுவில் புடைத்திருக்கும் மண்ணையும் பாருங்கள். தட்டும் என்று தெரிந்தால் மேட்டை வெட்டி எறிய வேண்டாம், தண்ணீர் பாதையை அரித்துவிடும். இருபுறமும் மண் போட்டுச் சரிவை நீட்டினால் போதும்.

வளைவுகளில் பின் உள்சக்கரம் உள்பக்கமாக அறுத்துக்கொண்டு வரும். அகலமாகச் சுற்ற இடமில்லாத இடத்தில் ஒரு முறை ரிவர்ஸ் எடுத்தே திரும்ப வேண்டியிருக்கும். பள்ளத்துப் பக்கம் ஓர் ஆள் நின்று பார்க்கட்டும்.

செங்குத்தான ஏற்றத்தில் அதே நீளம்தான் உங்களைக் காப்பாற்றும். முன்பக்கம் தூக்காது, குட்டை வண்டிபோலக் குதிக்காது. உரமூட்டையும் காப்பி மூட்டையும் தாரில் எங்கே ஏற்றுவீர்கள்? ஆனால் வெறும் தொட்டியோடு ஈரக் களிமண்ணில் ஏறாதீர்கள். பின்னால் இருப்பது சுமைக்காகச் செய்த லீஃப் ஸ்பிரிங், அதாவது பட்டை வில். பாரம் இல்லாவிட்டால் சக்கரம் துள்ளி வழுக்கும். நான்கு மணல் மூட்டைகளைப் பின் அச்சுக்கு நேர்மேலே வைத்து, நகராதபடி கட்டுங்கள்.

எத்தனை மேடு தட்டுகிறது என்று எண்ணிக்கொண்டு எழுதுங்கள். ஐந்தாறுதான் என்றால் இரண்டு ஆள் கூலியில் சரிசெய்துவிடலாம். வண்டியை வாங்குங்கள்.