செவ்வாய்க் கிரகத்தில் ரோவர் (ஆளில்லா ஆய்வு வண்டி) எப்படி ஓடுகிறது? கேள்வி பதில்

கேள்வி: ரோவரைப் பூமியிலிருந்து ரிமோட்டில் ஓட்டுகிறார்களா?

இல்லை. சிக்னல் ஒரு வழி போய்ச்சேரவே 3 முதல் 22 நிமிடம் வரை ஆகும். பிரேக் போடச் சொல்லும் கட்டளை போய்ச் சேர்வதற்குள் வண்டி பாறையில் மோதியிருக்கும். அதனால் ஒரு நாள் வேலையை மொத்தமாக எழுதி அனுப்பிவிடுவார்கள். வழியில் எது பள்ளம், எது கல் என்பதை இரட்டைக் கேமராப் படங்களிலிருந்து ரோவரே கணக்கிட்டு ஒதுங்கிப் போகும்.

கேள்வி: சார், கியூரியாசிட்டி ரோவரின் சக்கரத்தில் ஏன் ஓட்டை விழுந்தது? இன்னும் தடிமனாகச் செய்திருக்கலாமே?

எடைதான் தடை. ஒரு சக்கரத்தில் கூட்டுவதை ஆறால் பெருக்க வேண்டும். 50 செ.மீ. விட்டமுள்ள அந்த அலுமினியச் சக்கரங்களின் தோல், பிடிமானத்துக்காகப் புடைத்திருக்கும் பட்டைகளுக்கு இடையே 0.75 மி.மீ. தடிமன்தான். இறங்கிய மறு வருடமே, 2013இல், கிழிசல்கள் தெரிந்தன. தளர்ந்து கிடக்கும் கல் உருண்டு விலகும். அங்கே இருந்தவையோ தரையோடு இறுகிப் பதிந்த கூர்முனைகள். இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. கல்லின் மேல் ஏறும் சக்கரம் கடக்க வேண்டிய தூரம் அதிகம். எல்லாச் சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழன்றால், மற்றவை அதைக் கல்லின் மீது தள்ளி அழுத்தும். ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் தனித்தனியே மாற்றும் மென்பொருளை 2017இல் அனுப்பினார்கள். அடுத்து வந்த பெர்சிவரன்ஸ் ரோவரில் தோலைத் தடிமனாக்கி, பட்டைகளை 24இலிருந்து 48 ஆக்கினார்கள். என் பார்வையில் மென்பொருள் தீர்வுதான் அழகு: ஒரு கிராம் எடைகூடக் கூடவில்லை.

கேள்வி: சூரியத் தகடு போதாதா? அணு மின்கலம் எதற்கு?

தூசிதான் எதிரி. சூரியத் தகடுகளில் ஓடிய ஆப்பர்சூனிட்டி ரோவர் 2018 புழுதிப் புயலில் அடங்கிப்போனது. ஒரே இடத்தில் நின்று ஆராய்ந்த இன்சைட் கலத்தின் தகடுகளில் தூசி படிந்து, 2022 டிசம்பரில் அதுவும் ஓய்ந்தது. கியூரியாசிட்டியில் 4.8 கிலோ புளூட்டோனியம் டையாக்சைடின் வெப்பம் தொடக்கத்தில் சுமார் 110 வாட் மின்சாரம் தந்தது. ஓட்டவும் துளையிடவும் அது போதாது. லித்தியம் அயான் பேட்டரியில் சேமித்துத்தான் செலவழிக்கும். மிஞ்சும் வெப்பம் குழாய்த் திரவம் வழியாகக் கருவிகளை உறையாமல் காக்கும்.

கேள்வி: அப்படியானால் மின்சாரம் குறையவே குறையாதா?

குறையும். புளூட்டோனியம் 238இன் அரை ஆயுள், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 88 ஆண்டுகள். வெப்பத்தை மின்சாரமாக்கும் இணைப்புகளும் தேய்வதால் மின்சாரம் அதைவிட வேகமாக இறங்கும்.

கேள்வி: பாராசூட் மட்டும் போதாதா இறங்க?

போதாது. அங்கே காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் 1 சதவீதத்துக்கும் குறைவு. பாராசூட் விரிந்த பிறகும் மணிக்குச் சுமார் 300 கி.மீ. வேகம் மிஞ்சும். அதை ராக்கெட்டுகள்தான் அடக்க வேண்டும்.