பேஸ் மாடலா, டாப் மாடலா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சிறிய கார்களின் வேரியன்ட் (ஒரே காரை வசதிக்கும் விலைக்கும் ஏற்பப் பிரித்த படிகள்) குழப்பத்தைப் பற்றியவை. விலைகளை முழு ஆயிரங்களாக்கியே எழுதியிருக்கிறேன். காரின் பெயரையும் பட்ஜெட்டையும் குறிப்பிடாமல் "எது நல்லது?" என்று மட்டும் கேட்டிருப்பவர்கள், அவ்விரண்டையும் எழுதி மீண்டும் அனுப்பட்டும்.

மாருதியின் விஎக்ஸ்ஐ நல்லதா, ஹூண்டாயின் மேக்னா நல்லதா? (கொருக்குப்பேட்டை)

இவை கார்களின் பெயர்கள் அல்ல, வேரியன்ட்களின் பெயர்கள். எந்தக் காரின் விஎக்ஸ்ஐ, எந்தக் காரின் மேக்னா என்று நீங்கள் எழுதவே இல்லை. மாருதியில் எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ என்று படிகள் ஏறும். அதே நிறுவனத்தின் பலேனோவில் சிக்மா, டெல்டா, ஸீட்டா, ஆல்ஃபா என்று வேறு வரிசை. ஹூண்டாயின் ஐ20-இல் எரா, மேக்னா, ஸ்போர்ட்ஸ், ஆஸ்டா. ஒரு நிறுவனத்தின் இரண்டாம் படியில் இருக்கும் வசதி இன்னொன்றின் மூன்றாம் படியில்தான் கிடைக்கும். ஆகவே பெயரோடு பெயரை வைத்துப் பார்க்காமல், இரண்டு பிரவுச்சர்களின் கடைசிப் பக்கத்தில் உள்ள அட்டவணைகளை அருகருகே வைத்து வரி வரியாகப் பாருங்கள்.

வேரியன்ட் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் 'ஓ' (ஆப்ஷனல்) என்று போட்டிருக்கிறார்களே, வேண்டியதை மட்டும் நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று பொருளா? (பெரம்பூர்)

இல்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு வேரியன்ட்டை எடுத்து, அதன் மேல் விரும்பிய பேக்கேஜைச் சேர்த்து ஆர்டர் செய்யும் வழக்கம் உண்டு. நம் ஊர்ச் சிறிய கார்களில் அது அநேகமாக இல்லை. இங்கே நிறுவனமே நான்கைந்து வசதிகளைக் கட்டாகக் கட்டி, அதையும் ஒரு தனி வேரியன்ட்டாக விற்கிறது. அதுதான் இந்த 'ஓ'. டாடா நெக்ஸானில் பெயரின் இறுதியில் வரும் 'எஸ்' சன்ரூஃப் இருப்பதைக் குறிக்கும். இந்த ஓர் எழுத்துக்குப் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருப்பதால், புக்கிங் படிவத்தில் வேரியன்ட்டின் பெயரை வால் எழுத்து உட்பட முழுமையாக எழுதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பாதீர்கள்.

விற்பனையாளர் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது), ரிவர்ஸ் சென்சார், வேக எச்சரிக்கை ஒலி, இரண்டு ஏர்பேக் என்று பெரிய பட்டியலே கொடுத்தார். நல்ல வேரியன்ட்தானே? (ராயபுரம்)

அவர் படித்துக் காட்டியது சட்டத்தின் பட்டியல். ஏபிஎஸ் 2019 ஏப்ரலிலிருந்தும், ரிவர்ஸ் சென்சாரும் வேக எச்சரிக்கையும் அதே ஆண்டு ஜூலையிலிருந்தும், முன்னிருக்கைகள் இரண்டுக்குமான ஏர்பேக் 2021 இறுதியிலிருந்தும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயம். இவை இல்லாத புதிய காரை அவர் விற்கவே முடியாது. ஆறு ஏர்பேக்கைக் கட்டாயமாக்கும் வரைவு 2022-இல் வந்தும் விதியாகவில்லை; இருந்தும் 2024 மே மாதம் வந்த ஸ்விஃப்டில் பேஸ் மாடலிலிருந்தே ஆறும் உண்டு. உங்கள் காரில் எத்தனை என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

பேஸ் மாடலை வாங்கி மற்றவற்றை வெளியில் பொருத்திக்கொண்டால் ஒரு லட்சம் மிச்சமாகும் என்கிறார் மைத்துனர். (வியாசர்பாடி)

பாதி சரி. மியூசிக் சிஸ்டம், ஸ்பீக்கர், ஃப்ளோர் மேட், வீல் கப் ஆகியவற்றை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நல்ல கடையாகப் பார்த்து, ஷோரூம் விலையைவிடக் குறைவாகவே பொருத்திக்கொள்ளலாம். ஆனால் பக்கவாட்டு ஏர்பேக், ஓட்டுநர் இருக்கையின் உயரத்தை மாற்றும் வசதி, பின் கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் டிஃபாகர், பின்னிருக்கையின் ஹெட்ரெஸ்ட் போன்றவை தொழிற்சாலையில் வராவிட்டால் பிறகு முறையாகச் சேர்க்க முடியாதவை. உங்கள் வீட்டில் காரை ஓட்டப் போகிறவர்களில் ஒருவர் உயரம் குறைந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இருக்கை உயர வசதிக்காகவே அடுத்த படிக்குப் போவது நியாயம். இன்னொன்று, வெளியில் எதைப் பொருத்தினாலும் ஒயரை வெட்டாமல் செருகி இணைக்கும் கப்ளர் வழியாகப் பொருத்தச் சொல்லுங்கள். ஒயரை வெட்டி டேப் சுற்றினால் மின்சாதனக் கோளாறுக்கு வாரன்டி மறுக்கப்படும். ஹெட்லைட் மங்கல் என்று 60/55 வாட் பல்பை எடுத்துவிட்டு 100/90 வாட் பல்பு போடுவதும் அப்படித்தான். முதலில் கருகுவது ஹோல்டரும் ஒயரிங்கும்.

நடுத்தர வேரியன்ட்டுக்கு வாங்கிய கொட்டேஷனின் நகலை இணைத்திருக்கிறேன். விலைப்பட்டியலைவிட ஏன் இவ்வளவு கூடுதல்? (திருவொற்றியூர்)

இந்தக் கேள்விக்காகவே நகலை இரண்டு முறை படித்தேன். எக்ஸ்-ஷோரூம் விலை (வரி, பதிவு, இன்சூரன்ஸ் சேராத காரின் விலை), ஆயுட்கால வரி, பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், இன்சூரன்ஸ் வரை சரியாக இருக்கிறது. அதற்குக் கீழே "எசென்ஷியல் கிட்" என்று ஏறத்தாழ 19 ஆயிரம், "பெயின்ட் புரொடெக்ஷன்" என்று 8 ஆயிரம், "அண்டர்பாடி கோட்டிங்" என்று 6 ஆயிரம், "ஹேண்ட்லிங்" என்று 5 ஆயிரம். இந்த நான்கு வரிகளில் எதையும் நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கூட்டுத்தொகையில் எல்லாம் சேர்ந்திருப்பதால், அடுத்த வேரியன்ட்டின் உண்மையான விலையையே நீங்கள் தொட்டுவிட்டீர்கள்.

பல ஆண்டுகளாக இதையே எழுதி வருகிறேன், இன்னும் எழுதுவேன்: மேட்டும் மட்ஃபிளாப்பும் பாடி கவரும் சேர்ந்த பை ஒரு வேரியன்ட் ஆகாது. அந்தக் கிட்டில் முதலுதவிப் பெட்டியையும் எச்சரிக்கை முக்கோணத்தையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். அவை காரோடு கொடுக்கப்பட வேண்டியவை, தனியாக விலை போட இடமில்லை. சீட் கவரும் இருக்கிறது. உங்கள் காரில் பக்கவாட்டு ஏர்பேக் முன்னிருக்கையின் விளிம்பிலிருந்து விரியும் என்பதால், அந்த இடத்தில் பிரியும் தையல் இல்லாத கவரை மாட்டினால் ஏர்பேக் தடைபடும். பாதுகாப்புக்காகக் கூடுதலாகக் கொடுத்த பணம் சில ஆயிரம் ரூபாய்த் துணியால் வீணாகும். கடற்காற்று என்று பயமுறுத்தி அண்டர்பாடி கோட்டிங்கை விற்கிறார்கள். எண்ணூர், காசிமேடு பக்கம் வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலையிலேயே உடற்பகுதி முழுவதையும் துருத்தடுப்புப் பூச்சுத் தொட்டியில் முக்கி எடுத்த பிறகே வண்ணம் அடிக்கிறார்கள். அதன் மேல் அவசர அவசரமாக அடிக்கும் பூச்சு கதவடியிலுள்ள நீர் வடியும் துளைகளை அடைத்தால், உப்புநீர் உள்ளேயே தங்கும். மாதத்துக்கு இரண்டு முறை அடிப்பகுதியை நன்னீரால் கழுவுவது அதைவிட மேல்.

ஹேண்ட்லிங் கட்டணத்துக்கு எந்த விதியும் இல்லை. எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள், அநேகமாக அந்த வரி மறைந்துவிடும். இன்சூரன்ஸையும் அவர்களிடமே எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. "கிட் எடுத்தால்தான் சீக்கிரம் டெலிவரி" என்றால் அதையும் எழுதிக் கேளுங்கள். நான்கு வரிகளும் இல்லாத புதிய கொட்டேஷன் கைக்கு வராமல் முன்பணம் கட்டாதீர்கள்.

ஒரு வேரியன்ட் 9 லட்சத்து 90 ஆயிரம், அடுத்தது 10 லட்சத்து 10 ஆயிரம். இருபதாயிரம்தானே என்று மேலே போகலாமா? (கொளத்தூர்)

இருபதாயிரம் அல்ல. 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் மாற்றப்பட்ட ஆயுட்கால வரியின்படி 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையுள்ள காருக்கு 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதுவும் தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழுத் தொகைக்கும். முதல் வேரியன்ட்டுக்கு வரி சுமார் 1 லட்சத்து 29 ஆயிரம், இரண்டாவதற்கு சுமார் 1 லட்சத்து 82 ஆயிரம். விலையில் இருபது, வரியில் ஐம்பத்து மூன்று. இதற்கு மேல் 10 லட்சத்தைத் தாண்டிய காருக்கு 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் வாங்குபவரிடம் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கிடைக்கும் என்றாலும் கையிலிருந்து முதலில் போக வேண்டும். அந்த வேரியன்ட்டில் வயர்லெஸ் சார்ஜரும் இரட்டை வண்ணக் கூரையும்தான் கூடுதல் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கீழ் வேரியன்ட்டை வாங்குங்கள்.

டர்போ வேரியன்ட் என்றால் ஜிஎஸ்டி கூடுமா? (தண்டையார்பேட்டை)

டர்போவுக்காகக் கூடாது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் என்றால் 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம்தான்; ஒரு லிட்டர் டர்போ இதற்குள் அடங்கும்.

காமராஜர் துறைமுகத்தில் ஏற்றுமதிக்கு நிற்கும் கார்களில் நல்ல வசதிகள் இருக்கின்றனவாமே, நமக்கு மட்டும் ஏன் இல்லை? (எண்ணூர்)

போகும் நாட்டின் விதிக்கும் அங்குள்ள வாடிக்கையாளரின் விருப்பத்துக்கும் ஏற்பப் பொருத்துகிறார்கள். சில நாடுகளுக்குப் போவதில் நம்முடையதைவிட அதிகம் இருக்கும், சில நாடுகளுக்குப் போவதில் குறைவாகவும் இருக்கும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே புக் செய்யாதீர்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் அட்டவணை வேறு.

அலாய் வீலுக்காக டாப் மாடல் எடுக்கலாமா? தினமும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவேதான் ஓட்ட வேண்டும். (மணலி)

அதற்காக மட்டும் வேண்டாம். ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்ளுங்கள்: கீழ் வேரியன்ட்களில் 165/80 ஆர்14, மேல் வேரியன்ட்களில் 185/65 ஆர்15 (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், அடுத்தது அதில் பக்கச்சுவரின் சதவீதம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). டயர் அகலமாகிறது, ஆனால் பக்கச்சுவர் ஏறக்குறைய 13 சென்டிமீட்டரிலிருந்து 12 ஆகக் குறைகிறது. லாரிகள் கிளறிப்போட்ட பள்ளத்தில் இறங்கினால் இரும்பு ரிம் வளையும், தட்டி நிமிர்த்தலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றுவதுதான் பாதுகாப்பு.

பாரத் என்கேப் (கார்களை மோதிப் பார்த்துப் பாதுகாப்புக்கு நட்சத்திரம் தரும் இந்தியத் திட்டம்) ஐந்து நட்சத்திரம் என்றால் எல்லா வேரியன்ட்டுக்கும் ஐந்துதானா? (மாதவரம்)

2023 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தின் முடிவுத் தாளில், மதிப்பீடு எந்தெந்த வேரியன்ட்டுகளுக்குப் பொருந்தும் என்று எழுதியிருக்கும். உங்களுடைய வேரியன்ட்டின் பெயர் அதில் இருந்தால் பொருந்தும். விளம்பரப் பலகையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

சன்ரூஃப் வேரியன்ட் நம் வெயிலுக்கு ஒத்துவருமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

ஒத்துவரும், ஆனால் வருடத்தின் பெரும்பகுதி திரையை மூடியே வைத்திருப்பீர்கள். தலைக்கு மேலுள்ள இடமும் கொஞ்சம் குறையும்; உயரமானவர் என்றால் முதலில் உட்கார்ந்து பாருங்கள். வாங்கினால், மழைக்காலத்துக்கு முன் ஒவ்வோர் ஆண்டும் அதன் நான்கு மூலை வடிகுழாய்களில் சேரும் தூசியைச் சர்வீசில் எடுக்கச் சொல்லுங்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் கூரைத் துணி வழியாக உள்ளே வடியும்.