65535 என்ற மாஸ்க்குக்கு மூன்று கட்டளைகளா?

கேள்வி: 64 பிட் ரிஸ்க்-ஃபைவ் சிப்புக்கு கம்பைலர் பின்முனை (சிப்புக்கான கட்டளைகளை உருவாக்கும் பகுதி) எழுதுகிறேன். 65535 என்ற மாஸ்க்குடன் (வேண்டிய பிட்களை மட்டும் விட்டு மற்றவற்றைப் பூச்சியமாக்கும் எண்) ஆன்ட் செய்தால், அந்த எண்ணை உருவாக்க லூயி, ஆட்ஐ, பிறகு ஆன்ட் என்று மூன்று கட்டளைகள் வருகின்றன. குறைக்க முடியாதா? – வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு 06

பதில்: தாராளமாகக் குறைக்கலாம். மாறிலியைத் தனக்குள்ளேயே வைத்து ஆன்ட் செய்யும் ஆன்ட்ஐ கட்டளையில் அந்த மாறிலிக்கு 12 பிட்தான் இடம், அதுவும் குறியுடன்: -2048 முதல் 2047 வரை. 4095ஐ அதில் திணித்துவிடாதீர்கள். அது -1 ஆக விரிந்து, மாஸ்க் எதையும் மறைக்காது.

65535இன் கீழ் 16 பிட்டும் தொடர் ஒன்றுகள். ஆகவே ஆன்ட்டுக்குப் பதில், மறைக்கவேண்டிய மதிப்பை 48 இடம் இடப்பக்கம் தள்ளி, அதே 48 வலப்பக்கம், குறியில்லாமல், தள்ளுங்கள். மேல் 48 பிட்டும் பூச்சியமாகிவிடும். இரண்டே கட்டளை. சிப்பில் இசட்பிபி (Zbb) என்ற பிட் கையாளும் கூடுதல் கட்டளைத் தொகுதி இருந்தால், கீழ் 16 பிட்டை மட்டும் வைத்திருக்கும் இசட்எக்ஸ்ட்.எச் (zext.h) ஒன்றே போதும். தொடர் ஒன்றுகளா என்று பார்க்க, மாஸ்க்கையும் மாஸ்க்+1ஐயும் ஆன்ட் செய்யுங்கள், பூச்சியம் வரவேண்டும். மாஸ்க்கே பூச்சியமானாலும் இச்சோதனை தேறிவிடும். அப்போது தள்ளும் அளவு 64 ஆகி, கட்டளையில் அதற்குள்ள 6 பிட்டில் அடங்காது. பூச்சிய மாஸ்க்கை முதலிலேயே விலக்குங்கள்.

பலரைத் திணறடிப்பது வேறொன்று. எக்ஸ் என்ற மதிப்பை 4 இடம் இடப்பக்கம் தள்ளியபின் 65535ஆல் மறைத்தால், எல்எல்விஎம் போன்ற கம்பைலர்களின் மேம்படுத்தி கீழ் 4 பிட் ஏற்கெனவே பூச்சியம் என்றறிந்து மாஸ்க்கை 65520 ஆக்கிவிடலாம். அப்போது தொடர் ஒன்றுகளைத் தேடும் உங்கள் பற்றன் பொருந்தாது. பூச்சியமென்று தெரிந்த பிட்களை மாஸ்க்குடன் ஓர் செய்துவிட்டுச் சோதியுங்கள். 65535 மீண்டும் கிடைக்கும்.

அதே மாறிலி லூப்புக்குள் பலமுறை வந்தால் ரெஜிஸ்டரில் வைத்திருப்பதே இலாபம்.