புளியமரத்தில் ஒன்று, வேலியில் ஒன்று

வணக்கம் ஐயா,

கணியம்பாடி பக்கம் எங்கள் நிலத்தை ஒட்டிப் புளியமரங்களும் கருவேலமும் உண்டு. புரட்டாசி பிறந்ததிலிருந்து பழுப்பும் பச்சையுமாகச் சின்னஞ்சிறு குருவிகள் வருகின்றன. படமெடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் பக்கத்துக்குப் பக்கம் ஒரே குருவியாகத் தெரிகிறது. மூன்று படங்களை இணைத்திருக்கிறேன். இவற்றின் நிறத்தை எப்படிப் பிரித்தறிவது?

கே.

அன்புள்ள கே.,

நிறத்தை விட்டுவிடுங்கள். இந்தக் குருவிகளைப் பொறுத்தவரை கடைசியாக நம்பவேண்டிய சாட்சி அதுதான். இலைகளின் ஊடே இறங்கும் வெயில் பழுப்புக் குருவியையும் பச்சையாகக் காட்டும். கேமரா தன் பங்குக்கு இன்னும் மாற்றிவிடும். எங்கே இருந்தது, எப்படிக் குரல் கொடுத்தது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் குரலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அது எனக்குப் பெரிய குறை.

முதல் படம் புளியமரத்தின் மேல்கிளையில் எடுத்தது. கண்ணுக்கு மேலே வெளிர்க்கோடு பின்தலை வரை நீள்கிறது. இறக்கையில் மெல்லிய ஒற்றைப் பட்டை. பச்சைக் கதிர்க்குருவி. கோடையில் இமயத்திலும் அதற்கு வடக்கே வெகுதொலைவிலும் கூடுகட்டிவிட்டு, செப்டம்பர் வாக்கில் நம்மிடம் வந்து சேரும் இனம். இலை இலையாகப் பூச்சி பொறுக்கிக்கொண்டே 'சிஸ்லீ' என்று ஈரசையில் கூவும். அவ்வளவு சின்ன உடம்புக்கு உரத்த குரல். ஒருமுறை காதில் பதிந்துவிட்டால், ஏப்ரல் வரை வேலூர் மாவட்டத்தில் எந்தச் சாலையோரப் புளியமரத்தின் கீழ் நின்றாலும் அண்ணாந்து பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். இறக்கைப் பட்டையை மட்டும் நம்பவேண்டாம். இறகுகளின் வெளிர்நுனிகள் சேர்ந்துதான் அந்தப் பட்டை. நுனி தேய்ந்தால் பட்டையும் மறையும்.

இரண்டாவது, வேலியடி உண்ணிச்செடிக்குள் பாதி மறைந்திருப்பது, பிளித் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தா ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொண்ட எட்வர்ட் பிளித் 1849இல் இதை விவரித்தார். நாணலைத் தேடிப் பாலாற்றுக்குப் போகவேண்டியதில்லை; வேலிப்புதரே இதற்குப் போதும். புருவக்கோடு கண்ணைத் தாண்டி அதிகம் போகாது, இறக்கையில் பட்டை கிடையாது, அலகு நீளம், வால்நுனி வட்டம். நாக்கைச் சொடுக்கியதுபோல் 'செக்' என்று ஒற்றைக் குரல். புதருக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தால் அசையாமல் நில்லுங்கள். சற்றுப் பொறுத்தால் அதுவே விளிம்புக்கு வரும். குரலைக் கைபேசியில் ஒலிக்கவிட்டு வெளியே இழுக்கவேண்டாம். நெடுவழி வந்த பறவைக்கு இரை தேடும் நேரம் நம் படத்தைவிட முக்கியம். இதில் நான் கண்டிப்பானவன்.

மூன்றாவதுதான் சிக்கல். கருவேல முள்ளுக்கு நடுவே பழுப்பாக ஒரு குருவி. வாலை இலை மறைத்திருக்கிறது. 'பூட்டட் வார்ப்ளர்' என்ற கதிர்க்குருவி இனமாக இருக்கலாம். பிளித்தைவிடச் சிறியது, அலகு குட்டை, கருவேல உச்சியிலும் துறுதுறுவென்று இரை தேடும். வால்நுனி வெட்டியதுபோல் நேராக இருக்கும். வாலின் ஓர இறகுகள் வெளிறியிருக்கும். அந்த வால் தெரியாமல் இந்தப் படத்துக்குப் பெயர் சூட்ட மாட்டேன். நீங்களும் சூட்டவேண்டாம். இனம் தெரியாத கதிர்க்குருவி என்றே பதிவதற்கு, பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான ஈபேர்டில் இடமுண்டு. ஊகித்து எழுதிய பெயரைவிட அப்படிப்பட்ட பதிவை நான் மதிக்கிறேன். எந்தக் குருவி எந்த மாதத்தில் எங்கே இருக்கிறது என்பதை நாளை ஒருவர் இந்தப் பதிவுகளிலிருந்துதான் அறியப்போகிறார்.

ஒன்று மட்டும் கவனியுங்கள்: நீண்ட வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டும் கதிர்க்குருவிகள் ஆண்டு முழுவதும் இங்கேயே வாழ்பவை. அவற்றை வலசைக் கணக்கில் சேர்க்கவேண்டாம்.

அந்தக் கருவேலத்துக்கு விடியற்காலையில் மறுபடி போய்ப்பாருங்கள். வால் தெரியும்படி ஒரு படம், கூடவே கைபேசியில் பதிந்த குரல், இரண்டையும் அனுப்புங்கள். படம் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.